வல்லாரையும் எலி நீச்சலும்

"வல்லாரை மனச்சோர்வைக் குணமாக்கும், எலிகளில் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு பதிவு. எலிகளில் பார்த்தது வேறு விஷயம்.

இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி நடப்பது 1977இல் ஆய்வாளர் போர்சோல்ட்டின் குழு விவரித்த நீச்சல் சோதனை. ஏறி வரமுடியாத கண்ணாடி உருளையில் தண்ணீர், உள்ளே ஒரு சுண்டெலி, பொதுவாக 6 நிமிடம். கடைசி 4 நிமிடத்தில் அது நீந்தாமல் சும்மா மிதக்கும் நேரத்தைக் கணக்கிடுவார்கள்; மிதப்பதை முயற்சியைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். சாறு குடித்த எலி குறைவாக மிதந்தால் 'மனச்சோர்வு நீக்கி போன்ற விளைவு' என்று எழுதுவார்கள். அந்த 'போன்ற' பகிரும்போது காணாமல் போய்விடுகிறது. மனச்சோர்வு மருந்தல்லாத காஃபீன் கொடுத்தாலும் எலி கூடுதலாக நீந்தும்!

சந்தேகமிருந்தால் மூலக் கட்டுரையில் செய்முறைப் பகுதியைத் திறந்து, எத்தனை எலிகள், எத்தனை மனிதர்கள் என்று மட்டும் பாருங்கள்.