தெரியாதவர் அனுப்பும் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட்

கேம் ஆடும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட்டை ஏற்காமல் விட்டால் "ரொம்பத்தான் பண்றான்" என்று பேச்சு வருகிறது. ஏற்காமல் விடுவதில் திமிர் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

சேர்ந்து ஆடி முடித்த கையோடு வரும் ரிக்வெஸ்ட்டை நான் சொல்லவில்லை. கடைசி ரவுண்டில் நான் மட்டும் மிஞ்சி நின்றபோது, எதிராளி எந்தப் பக்கமாக வருகிறான் என்று மைக்கில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார் ஒருவர். முடிந்ததும் "இன்னொண்ணு போடலாமா?" என்று கேட்டு அனுப்பினார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இன்றும் சேர்ந்துதான் ஆடுகிறோம்.

ஒரு மேட்ச்கூடச் சேர்ந்து ஆடாமல், பொது நண்பர் யாரும் இல்லாமல் திடீரென்று வந்து நிற்கிறதே, பிரச்சினை அதில்தான். கணினி கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் நட்பில் இல்லாதவரோடு தனியாகச் சாட் செய்ய முடியாது. ஆகவே ஏமாற்ற வருகிறவனுக்கு முதல் தேவையே நீங்கள் அழுத்தும் 'அக்செப்ட்'. 5 டாலராவது செலவழிக்காத கணக்கிலிருந்து அங்கே ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாதுதான். ஆனால் திருடிய கணக்கில் வருகிறவனை அந்தத் தடை என்ன செய்யும்? ப்ரொஃபைல் பழையது, நிறைய கேம் வைத்திருக்கிறார் என்று பார்த்து நம்பிவிடாதீர்கள்.

ஏற்றதும் வரும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "சாரி ப்ரோ, வேற ஒருத்தர்னு நினைச்சு உங்க ஐடியை ரிப்போர்ட் பண்ணிட்டேன். பேன் ஆயிடும்போல. டிஸ்கார்ட்ல இந்த அட்மின்கிட்ட உடனே பேசுங்க." டிஸ்கார்ட் என்பது கேம் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் ஆப்; அந்த அட்மினும் அதே கும்பல். ஸ்டீம் ஊழியர் யாரும் டிஸ்கார்டில் வந்து கணக்கு விவரம் கேட்பதில்லை. "எங்க டீமுக்கு ஓட்டுப் போடுங்க" என்று வரும் லிங்க் இன்னொரு வகை. அசல் போலவே இருக்கும் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டையும் ஸ்டீம் கார்டு (Steam Guard) என்ற பாதுகாப்பு எண்ணையும் போட்டால் கணக்கு கைமாறிவிடும். பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஸ்கின் (கேமுக்குள் ஆயுதத்துக்கும் ஆளுக்கும் போடும் அலங்காரம்) எல்லாம் அத்தோடு போச்சு.

எனக்குக் கோபம் தாங்காத இடம் சின்னப் பிள்ளைகள் விஷயம். "ஃப்ரீயா ரோபக்ஸ் தரேன், வேற ஆப்ல வா" என்று ரோப்லாக்ஸ் கேமில் செலவழிக்கும் பணத்தைக் காட்டிக் கூப்பிடுகிறவனுக்கு அந்தப் பிள்ளையின் வயது தெரிந்தேதான் இருக்கிறது. பெற்றோரே, கேமையே பிடுங்கிவிட்டால் அடுத்த முறை யாராவது தொந்தரவு செய்தாலும் பிள்ளை உங்களிடம் வாய் திறக்காது. கூடவே உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறங்கள். யார் ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்பதை டிஸ்கார்டில் நாமே குறைத்து வைக்கலாம்.

நல்ல மனதோடு அனுப்புகிறவர்களே, லாபியை விட்டுப் போகும் முன் சாட்டில் ஒரு வரி போடுங்கள். "நல்லா ஆடினீங்க, ஆட் பண்றேன்" என்றாலே போதும், கட்டாயம் ஏற்பேன்.