உருப்படாத கல்

(மெக்சிகோ, தியோத்திவாக்கன் பிரமிடுகளுக்கு அருகே ஒரு கல்பட்டறை. உள்ளங்கை அகலமுள்ள கருப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அம்மையார் பேரத்தைத் தொடங்குகிறார்.)

அம்மையார்: இது கல்லா, கண்ணாடியா என்பதை முதலில் சொல்லுங்கள் ஐயா. அதைப் பொறுத்துத்தான் நான் விலை கேட்க வேண்டும்.

கடைக்காரர்: இயற்கையே வார்த்த கண்ணாடி அம்மா. சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு, படிகமாக உருவெடுப்பதற்குள் விரைவாகக் குளிர்ந்து இறுகிவிட்டால் கிடைப்பது இந்த அப்சிடியன்.

அம்மையார்: அதாவது, உருப்படாமல் போன கல். அதற்கா 800 பெசோ?

கடைக்காரர்: உருப்படாததால்தான் அதற்கு மதிப்பு! உள்ளே படிகம் இல்லாததால், தட்டினால் சிப்பி ஓடு போல வளைவாகச் சில்லு பெயரும். அந்தச் சில்லின் விளிம்பு, அறுவை மருத்துவரின் எஃகுக் கத்தியைவிடக் கூர்மையானது. முன்பு இங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் வீரர்கள் மர வாளின் இரு ஓரங்களிலும் இவற்றைப் பதித்துக்கொண்டுதான் ஸ்பானியர்களை எதிர்த்து நின்றார்கள்.

அம்மையார்: வென்றார்களா?

கடைக்காரர்: 1521இல் தலைநகரமே விழுந்துவிட்டது. அதற்குக் கல் என்ன செய்யும்?

அம்மையார்: கல் உறுதியானதுதானே?

கடைக்காரர்: கடினத்தைப் பத்துக்கு மதிப்பிடும் மோஸ் அளவில் ஐந்து, ஐந்தரை. தயவுசெய்து கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். இப்படி வெயிலில் சாய்த்துப் பாருங்கள், கருப்புக்குள் பச்சை கலந்த பொன்னிறம் ஓடுகிறதே, அதுதான் பச்சூகா மலைக் கல்லின் அடையாளம்.

அம்மையார்: அழகு இருக்கட்டும். வீட்டில் வைத்தால் பலன் உண்டா?

கடைக்காரர்: மனிதர்கள் மறைவில் செய்வதையெல்லாம் தெஸ்கத்லிபோகா கடவுள் இத்தகைய கண்ணாடியில்தான் கண்டார் என்று முன்னோர் நம்பினார்கள். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் ஆலோசகர் ஜான் டீ வைத்திருந்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிகூட, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, அதுவும் பச்சூகா கல்தான் என்று 2021இல் ஆராய்ந்து சொன்னார்கள்.

அம்மையார்: அவருக்கு என்ன தெரிந்ததாம்?

கடைக்காரர்: தேவதூதர்களோடு பேச விரும்பினார். ஆனால், உற்றுப் பார்க்கும் வேலைக்கு உதவியாளர்களைத்தான் நம்பியிருந்தார்.

அம்மையார்: நல்லது, எனக்கு நீங்கள் உதவியாளராக இருங்கள். (கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.) இதன் அடக்க விலை தெரிகிறதா?

கடைக்காரர்: மங்கலாகத் தெரிகிறது அம்மா... 500 போல இருக்கிறது.

அம்மையார்: இன்னும் கொஞ்சம் துடைத்துவிட்டுப் பாருங்கள்.