அம்மாவைப் படுக்க வைத்துத்தான் கூட்டி வந்தேன்

நான் இங்கே போட்ட அந்தப் படத்தை நீக்கப் போவதில்லை. காலையிலிருந்து இன்பாக்ஸில் வந்து "எதுக்கு வீண் பேச்சு, எடுத்துரும்மா" என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் கூட்டி வந்தபோது, பிசினஸ் கிளாஸில் அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற படம் அது. படுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கீழே வந்த கமெண்ட்களை நீங்களும் படித்திருப்பீர்கள். "காசு வந்தா இப்படித்தான்", "பெத்தவளையும் விளம்பரத்துக்கு வெச்சாச்சு". முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை விட்டுவிடலாம். ஆனால் பெரியம்மா மகன், கூடப் பிறக்காத குறையாக ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன், நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு "எங்க அம்மா எல்லா தடவையும் எகானமியிலதான் வந்தாங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடல" என்று எழுதியதை எப்படி விடுவது? அதற்கு மதினியின் சிரிப்பு இமோஜி வேறு.

சரி, நிதானமாகவே பேசுவோம்.

சென்னையில் ஏறி வளைகுடாவில் இறங்கி டல்லாஸ் வரவேண்டும். முதல் விமானம் நாலு மணி நேரத்துக்கு மேல். இரண்டாவது பதினாறு மணி நேரம். நடுவில் காத்திருப்பு. இதற்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம் இருப்பதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எகானமியில் உங்கள் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் இடையே கிடைப்பது 31, 32 அங்குலம். அதில் சீட்டின் தடிமனும் அடக்கம், அதாவது காலுக்கு மிஞ்சுவது அதைவிடக் குறைவு. அகலம் 17 அங்குலம். போயிங் 777 வந்த புதிதில் பெரும்பாலான கம்பெனிகள் வரிசைக்கு ஒன்பது சீட்தான் போட்டன. இன்று அதே அகலத்தில் பத்து போடுவதுதான் வழக்கமாகிவிட்டது. விமானம் பெரிதாகவில்லை, நம் ஊர்க்காரர்களின் முட்டியும் சின்னதாகவில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி போவதற்கு அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைக்கவில்லை என்றால் இதே அண்ணன்தான் டிடிஇ பின்னால் அலைவார். 45 வயது தாண்டிய பெண்களுக்கென்று ரயில்வேயே கோட்டா வைத்திருக்கிறது. பத்துப் பதினோரு மணி நேரப் பயணம் அது. அதில் படுத்துக்கொண்டு போவதை ஆடம்பரம் என்று இதுவரை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுபது தாண்டிய ஒருத்தி அதைவிட நீண்ட தூரத்தை ஆகாயத்தில் படுத்துக்கொண்டு கடந்தால் மட்டும் அது திமிர் ஆகிவிடுகிறதா?

போன தடவை அம்மா எகானமியில்தான் வந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று அண்ணன் எழுதியிருக்கிறாரே, அந்த "ஒன்றும் ஆகாதது" எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நடு சீட். இரண்டு பக்கமும் ஆண்கள், தூங்குகிறார்கள். அவர்களை எழுப்பிப் பாத்ரூம் போக வெட்கப்பட்டுக்கொண்டு அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. விமானத்துக்குள் காற்று எவ்வளவு வறண்டது என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும், தொண்டையும் உதடும் காய்ந்துவிடும். பாஸ்போர்ட் வைத்திருந்த பையை மடியிலிருந்து இறக்காமல் பிடித்தபடி உட்கார்ந்தே வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது இரண்டு பாதமும் பொதபொதவென்று வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. சோப்புத் தண்ணீரில் காலை வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, நூலைக் கொடுத்துச் சுற்றிச் சுற்றி இழுத்தோம். ஒரு காலில் வந்தது. இன்னொரு காலில் தோல் உரிந்துதான் வந்தது. அம்மா "ஒண்ணுமில்லட்டீ, ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நம் அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் அண்ணே. பெரியம்மாவும் அதைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பாள், நீங்கள் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள்.

இந்தத் தடவை சீட்டைத் தட்டையாக்கி மெத்தை விரித்துக் கொடுத்தார்கள். அம்மா வீட்டில் படுப்பது மாதிரியே இடது பக்கம் ஒருக்களித்து, முட்டியை மடக்கி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினாள். இறங்கும்போது கால் கால் மாதிரியே இருந்தது. நான் கொடுத்த பணம் இதற்குத்தான். மெனு அட்டைக்கு இல்லை, லவுஞ்சுக்கு இல்லை. படுக்கைக்கு.

பிசினஸ் கிளாஸ் என்றாலே பணக்காரர்களின் கூத்து என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. முழுக்கத் தட்டையாகும் படுக்கையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் கொண்டுவந்ததே 2000இல்தான். அதுவரை அங்கேயும் சாய்வு நாற்காலிதான். உலகத்தின் மிக நீண்ட பயணங்களில் ஒன்றான சிங்கப்பூர் - நியூவர்க் விமானத்தில், கிட்டத்தட்ட பதினெட்டரை மணி நேரம் அது, எகானமியே கிடையாது. 67 பிசினஸ் சீட், இரண்டுக்கும் நடுவிலான பிரீமியம் எகானமி சீட் 94. காரணம் வியாபாரக் கணக்கும் எடைக் கணக்கும்தான், கருணை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவ்வளவு நேரத்துக்குச் சாதா சீட் இல்லாமல்தான் அந்த விமானம் பறக்கிறது என்பது உண்மைதானே.

"ரத்தம் உறையும் அது இதுன்னு பயமுறுத்தாதீங்க" என்று ஒரு டாக்டர் தம்பி எழுதியிருந்தார். நான் பயமுறுத்தவில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் உடம்புக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிற வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது, அப்படியும் ஆறாயிரத்தில் ஒருவருக்குத்தான் என்பதையும் அதுவே சொன்னது. ஒப்புக்கொள்கிறேன், சின்ன எண்தான். ஆனால் சாகவில்லை என்பதா நம் அளவுகோல்? உயிரோடு வந்து சேர்ந்தால் போதும் என்றால் சரக்குப் பெட்டியையும் அப்படித்தானே அனுப்புகிறோம்.

பிரீமியம் எகானமி போதாதா என்று கேட்டவர்களுக்கு: அது நன்றாகச் சாயும், படுக்காது. பேசிக்கொண்டிருப்பது படுப்பதைப் பற்றி.

பணம். ஆமாம், எகானமியைவிட மூன்று நான்கு மடங்கு. இரண்டு வருஷம் கிரெடிட் கார்டு பாயின்ட்டைச் சேர்த்து, மிச்சத்துக்குக் காசு கட்டி எடுத்தேன். இதையெல்லாம் நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சொல்ல வைத்துவிட்டீர்கள். "இந்தக் காசுல நாலு ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே" என்று கேட்டவரின் புரொஃபைலில் போன மாதம் வாங்கிய கார் நிற்கிறது. அந்தக் கார்ப் பதிவுக்குக் கீழே யாரும் ஏழைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை, வாழ்த்துதான் சொன்னார்கள், நானும் சொன்னேன். அரசாங்கமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலான வகுப்புகளுக்கு 12ஆக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கிவிட்டார்கள். வயதான ஒருத்தி கால் நீட்டுவதற்கு என்ன வரி போடுவது என்று ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்ட பெண்ணின் கேள்வி மட்டும் நியாயமானது. பிசினஸ் கிளாஸ் சீட்டின் கார்பன் கணக்கு எகானமியைப் போல் சுமார் மூன்று மடங்கு என்று உலக வங்கி ஆய்வாளர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள். இடம் அதிகம் பிடிக்கிறது, அதனால் பங்கும் அதிகம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை என் அம்மாவின் காலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. நம் பெற்றோர் அமெரிக்காவுக்கு எதற்கு வருகிறார்கள்? சுற்றிப் பார்க்கவா? பிரசவத்துக்கு வருகிறார்கள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட, பத்திய ரசம் வைக்க, நாம் வேலைக்குப் போக வருகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் தங்கலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்தால் ஆறு மாதமும் அடுப்படியும் தொட்டிலுமாகக் கழிகிறது. இங்கே டே கேரில் கைக்குழந்தைக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கிறோம், வாய் திறப்பதில்லை. அம்மா செய்தால் அது பாசம், அதற்கு விலை இல்லை, அதனால் அவள் எந்த சீட்டில் வந்தாலும் பரவாயில்லை. மலிவான டிக்கெட், இரண்டு இடத்தில் மாறுகிற டிக்கெட், நடு ராத்திரியில் எட்டு மணி நேரம் ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார வைக்கிற டிக்கெட், இதையெல்லாம் அவர்களுக்குத்தான் போடுகிறோம். நம் கம்பெனி நம்மை மீட்டிங்குக்கு பிசினஸில் அனுப்பினால் தகுதி என்கிறோம்.

அப்பா என் மூத்தவள் பிறந்தபோது வந்தார். முட்டி தேய்ந்திருந்தது. மடக்கி உட்கார முடியாமல், கடைசியில் பாத்ரூம் பக்கத்தில் இருக்கிற இடத்தில் பாதி ராத்திரிக்கு மேல் நின்றுகொண்டே வந்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லவே இல்லை, ரொம்ப நாள் கழித்து அம்மாதான் சொன்னாள். அன்று எங்கள் கையில் அவ்வளவு வசதி இல்லை. இன்று இருக்கிறது, அப்பா இல்லை. அதனால் அம்மாவுக்கு எடுத்தேன், அடுத்த மாதம் திரும்பிப் போவதற்கும் அதேதான் எடுத்திருக்கிறேன். அப்போதும் படம் போடுவேன்.

அண்ணே, பெரியம்மா ஜனவரியில் வருகிறாள் என்று அம்மா சொன்னாள். பிசினஸ் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் வசதி. ஆனால் நடைபாதையை ஒட்டிய ஐல் சீட்டைக் காசு கொடுத்தாவது முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், நடுவில் உட்கார வைக்காதீர்கள். வீல்சேர் கேட்டு எழுதுங்கள், வேண்டாம் என்றுதான் சொல்வாள், அதைக் காதில் வாங்காதீர்கள். கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும் போடுகிற இறுக்கமான சாக்ஸ் இருக்கிறது, பெரியம்மாவுக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். மெட்டியை மட்டும் சென்னையிலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.