டப்பாவை மூடிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்

"செல்லை இளமையாக்கும்" என்று என்.எம்.என். (உடம்பில் என்.ஏ.டி.யாக மாறும் பொருள்) கேப்சூல் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. வேலூர், காட்பாடிப் பக்கம் அறுபது தாண்டியவர்கள் வீட்டு அலமாரியில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் கிடைத்துவிட்டது. அதை விழுங்கினால் ரத்தத்தில், செல் சக்தி தயாரிக்கத் தேவையான என்.ஏ.டி. அளவு ஏறும், அது உண்மை. அதனால் மனிதர்களுக்கு ஆயுள் கூடியது என்பதற்கு மட்டும் இன்றுவரை நிரூபணம் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள் என்பது என் கட்சி.

வயதாக ஆக, உடம்பின் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைகிறது. பழுதான பாகங்களை உடைத்து அப்புறப்படுத்தும் ஆட்டோபேஜி வேலையும் மந்தமாகிறது. அந்த இயக்கத்தை விளக்கியதற்காக ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் கொடுத்தார்கள். உடனே "16 மணி நேரம் பட்டினி கிடந்தால் செல் சுத்தமாகிவிடும்" என்று கிளம்பிவிட்டார்கள். அவர் முக்கியமாக ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற பெரியவர் இதை நம்பிக் காலை டிபனை விட்டால், சர்க்கரை இறங்கி பாத்ரூமில் விழுவார். இடுப்பெலும்பு உடைந்த பிறகு எந்தச் செல்லைச் சுத்தம் செய்து என்ன பயன்?

மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாக உண்டாக்க நிச்சயமாகத் தெரிந்த வழி, தசைக்கு வேலை கொடுப்பது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான். அதற்கு ஜிம் வேண்டாம், கைப்பிடி இல்லாத மர நாற்காலி ஒன்று போதும். உட்காரும் பலகை தரையிலிருந்து 17 அங்குலம் இருக்கட்டும். முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் சேர் டைல்ஸில் வழுக்கும், வேண்டாம்.

முன்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பில் கட்டி, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது மனதில் மூன்று எண்ணுங்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். எழுவதைச் சரியாகச் செய்துவிட்டு 'தொப்'பென்று விழுவார்கள். மெதுவாக இறங்கும்போது தசை வாங்கும் வேலை பாதிக்குப் பாதி, அது அத்தனையும் போச்சு. எழும்போது மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் எகிறும். முட்டிகள் உள்பக்கமாகச் சேர்ந்தால் வலி வரும். ஏற்கெனவே முட்டிவலி இருந்தால் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எட்டு எட்டாக மூன்று தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு, வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்கே நிற்கிறோம் என்று பார்க்க, 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று எண்ணுங்கள். 65லிருந்து 69 வயதுக்குள் ஆண்கள் 12க்கும், பெண்கள் 11க்கும் கீழே போனால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து அதிகம்.

வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் கதை பேசிக்கொண்டே நடப்பது மனசுக்கு நல்லது. செல்லுக்கு வேண்டியது, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம். கத்திரி வெயில் மாதத்தில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

இனி சாப்பாடு. பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். காலையில் நாலு இட்லி, மதியம் களியும் கீரையும், ராத்திரி இரண்டு தோசை என்றால் பாதிகூடத் தேறாது. களி மேல் குற்றமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் 75 கிராம் மாவில் கிண்டிய உருண்டையில் புரதம் 5 கிராம்தான். அதோடு இரண்டு முட்டை சேர்த்தால் 12, நாற்பது கிராம் பருப்போ கொள்ளோ 9, ஒரு பிடி மல்லாட்டை (வேர்க்கடலை) 7, ஒரு டம்ளர் தயிர் 6, முப்பது கிராம் மீல் மேக்கர் 15. இட்லி, தோசையில் வருவதையும் சேர்த்தால் கணக்கு நேராகும். எல்லாவற்றையும் ராத்திரியே கொட்டிக்கொள்ளாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். பூஞ்சை பிடித்த, கசக்கிற மல்லாட்டையை வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பூஞ்சை விடும் நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. (ஆம்பூர் பிரியாணி புரதக் கணக்கில் சேராதா என்று கேட்பவர்களுக்கு: பீஸ் சேரும், சீரகச் சம்பா அரிசியில் கொஞ்சம்தான்.)

சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை வருஷக்கணக்கில் எடுப்பவர்கள், சுத்த சைவர்கள் பி12 அளவைப் பாருங்கள். அது குறைந்து கால் மரத்துப்போவதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகக் கோளாறைக் காட்டும் அளவு) ஏறியிருப்பவர்கள் மட்டும் மேலே சொன்ன புரதக் கணக்கைத் தொடாமல், முதலில் சிறுநீரக டாக்டரிடம் எத்தனை கிராம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.