கரண்ட்டு சரி, டீ ஃபேக்டரி ட்ரையருக்கு என்ன வழி?

எல்லா குரூப்லயும் ஒரே ஃபார்வேர்டு சுத்திட்டு இருக்கு. நாட்டோட கரண்ட் கெபாசிட்டில பாதி இப்ப நிலக்கரி, கேஸ் இல்லாததாம், 2030க்கு வச்ச டார்கெட்ட 2025லயே தொட்டுட்டோமாம். செய்தி உண்மைதான், சந்தோஷமும்தான். ஆனா கெபாசிட்டிங்கறது போர்டுல எழுதி வச்ச நம்பர், நம்ம வீட்டு மீட்டர்ல ஓடுற யூனிட் வேற கணக்கு. உற்பத்தியாகுற யூனிட்ட எண்ணிப் பாத்தா பத்துல ஏழு இன்னும் நிலக்கரியிலருந்துதான் வருது. சோலார் சாயங்காலமானா படுத்துரும், காத்து புரட்டாசி தாண்டினா குறைஞ்சுரும், நிலக்கரி மட்டும் ராப்பகல் பாக்காம எரியும்.

உலகம் ரொம்ப சூடாகறதுக்குள்ள பெட்ரோல், நிலக்கரிய விட்டு வெளிய வந்துருவோமான்னு கேக்கறவங்க, கொஞ்சம் நீலகிரி பக்கம் திரும்பிப் பாக்கலாம். பைக்காரா பவர் ஹவுஸ் 1932ல ஓட ஆரம்பிச்சுது, 3,000 அடிக்கு மேல இருந்து தண்ணிய பைப்புல இறக்கி எடுத்த கரண்ட்டு, கோயம்புத்தூர் மில்லுங்க பெருகுனதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் கனடா உதவியோட குந்தா நீர்மின் திட்டம் வந்துச்சு. அதாவது நம்ம மாநிலம் ஆரம்பத்துல தண்ணி கரண்ட்ட வச்சு வளந்த மாநிலம், இன்னைக்கு க்ரீன் எனர்ஜின்னு மேடை போட்டுப் பேசறதுக்கு தாத்தா காலத்துலயே இங்க அது இருந்துச்சு. பின்னாடி என்னாச்சு? தேவை கூடுச்சு, 1962ல நெய்வேலி, அப்புறம் எண்ணூர், தூத்துக்குடின்னு நிலக்கரி மின் நிலையங்க வரிசையா வந்துச்சு. தண்ணி கரண்ட்டு எங்கயும் போகல, அது மேல நிலக்கரி ஏறி உக்காந்துச்சு, அவ்வளவுதான்.

இப்ப நிலக்கரி மேல காத்தாலையும் சோலாரும் ஏறி உக்காருது. 2024ல தமிழ்நாட்டு பீக் டிமாண்ட், அதாவது ஒரே நேரத்துல தேவைப்பட்ட உச்சபட்ச கரண்ட், 20,000 மெகாவாட்ட தாண்டுச்சு, அதே வருஷம் வடசென்னைல 800 மெகாவாட்ல புது அனல் யூனிட் திறந்தாங்க. எண்ணூர் பழைய ஸ்டேஷன 2017ல மூடுனாங்களேன்னு கேப்பீங்க. அது வயசாகி மூடுனது, கன்னியாகுமரி பக்கம் முப்பந்தல்ல காத்தாலை வந்ததால இல்ல. புதுசு எவ்வளவு வருதுன்னு எல்லாரும் எண்றாங்க, பழசு எவ்வளவு மூடறாங்கன்னு எண்ண ஆள் இல்ல, என் பயம் அதுலதான்.

இதுல நம்ம நீலகிரி மலைக்குப் புதுசா ஒரு வேலை குடுத்திருக்காங்க, பேட்டரி வேலை. குந்தா நீரேற்று மின் திட்டம், 500 மெகாவாட். கரண்ட் மிஞ்சுற நேரத்துல அவலாஞ்சி-எமரால்டு அணைத் தண்ணிய மேல போர்த்திமந்து அணைக்கு பம்ப் பண்ணிட்டு, சாயங்காலம் டிமாண்ட் ஏறறப்ப கீழ விட்டு டர்பைன ஓட்டறது. நூறு யூனிட் செலவு பண்ணி ஏத்தினா எழுபத்தஞ்சு எண்பதுதான் திரும்பக் கிடைக்கும், ஆனாலும் வீணாப் போற காத்தாலை கரண்ட்டுக்கு இது லாபம்தான். புது டெக்னாலஜியும் இல்ல, வால்பாறை பக்கம் காடம்பாறைல 1987லருந்து இதே மாதிரி ஒண்ணு இருக்கு, மொத்தம் 400 மெகாவாட். அப்படிப்பட்டதையே கட்டி முடிக்க இத்தனை வருஷம் இழுக்குது. இதே அவலாஞ்சிலதான் 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, அந்த வாரம் ரோடு ரோடா சரிஞ்சதெல்லாம் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அப்படி மழை பெய்யற எடத்துல நிதானமாத்தான் கட்டணும், ஆனா நேரம் இல்லன்னும் சொல்றோம், ரெண்டும் சேந்து இடிக்குது.

சரி, கரண்ட்டு எப்படியோ மாறிடும்னே வச்சுக்குவோம், எனக்கும் அந்த நம்பிக்கை இருக்கு, பேனல் விலை விழுந்த வேகத்துக்கு அது நடந்தே தீரும். சூட்டுக்கு என்ன பண்றது? இதப்பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை போட்டாதான் ஒரு கிலோ தூள் வரும், மீதி எல்லாம் தண்ணி, அந்தத் தண்ணிய வெளியேத்தறதுதான் டீ ஃபேக்டரியோட பாதி வேலை. இலையப் பரப்பி வைக்கற ட்ரஃப்ல வாட்டறதுக்கு சூடு, காய வைக்கற ட்ரையருக்கு சூடு. குன்னூர், கோத்தகிரி பக்கம் அதுக்கு கற்பூர மரம், சீகை விறகு லோடு லோடா எரியுது. விறகுதானே, நிலக்கரி இல்லையேன்னு சொல்லலாம். அந்த விறக வெட்டி ஏத்தி வர்ற லாரி டீசல்ல ஓடுது, தோட்டத்துக்குப் போடற யூரியா கேஸ்லருந்து வருது, தூள் கீழ எறங்கறதும் டீசல்தான். கீழ போனா இதே கதை இன்னும் பெருசு, திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர்லருந்து சிமெண்ட் ஆலை வரைக்கும் எல்லாத்துக்கும் வேண்டியது சூடு.

கூரைல சோலார் ஏர் ஹீட்டர் போட்டு விறகைக் குறைச்ச டீ ஃபேக்டரிங்க தென்னிந்தியாவுல பல வருஷம் முன்னாடியே உண்டு. வழி தெரியாம யாரும் நிக்கல. ஆனா ஜூன் ஜூலைல இங்க சூரியனப் பாக்கறதே அபூர்வம், வாரக்கணக்குல மஞ்சு மூடிக் கிடக்கும், இலையோ ஈரத்தோட வரும். அப்ப ஹீட் பம்ப்போ (காத்துல இருக்கற சூட்ட கரண்ட்ல இழுத்துக் குடுக்கற மெஷின்) கரண்ட் ட்ரையரோ வேணும், அதுக்கு முதல் போடணும். இலைக்கு வெலை இல்லன்னு விவசாயி புலம்பற ஊர்ல யாரு போடுவா?

அதனால என் கணக்கு இதுதான், யாருக்கும் பிடிக்காது, பரவால்ல. உலகம் சூடேறறத 1.5 டிகிரிக்குள்ள நிறுத்தறதுங்கற பேச்சு முடிஞ்சு போச்சு. 2024தான் அந்தக் கோட்டத் தாண்டின முதல் வருஷம்னு உலக வானிலை அமைப்பு சொல்லிருச்சு, ஒரு வருஷத்த வச்சு முடிவு பண்ணக் கூடாதுங்கறது சரிதான், ஆனா திரும்பி வர்ற மாதிரி எதுவும் தெரியல. கார்பன் புகைய நெட் ஜீரோவுக்குக் கொண்டு வர இந்தியா 2070ங்குது, அதுக்குள்ள கரண்ட்டு மாறிடும், சூடும் லாரியும் உரமும் மாறாது, யாராவது காசு போட்டாலொழிய. ரெண்டு டிகிரியா ரெண்டரையாங்கறது அந்தக் காசுலதான் இருக்கு.

பச்சைத் தேயிலைக்கு வெலை கேட்டு வருஷா வருஷம் மனு குடுக்கறோமே, அடுத்த மனுவுல ட்ரையருக்கு மானியத்தையும் ஒரு வரி சேத்து எழுதுங்க. விறகு வெலை ஏறினா ஃபேக்டரிக்காரரு எங்க பிடிப்பாருன்னு நினைக்கறீங்க, நம்ம இலைலதான்.