பணத்தோடு ஒரு வழக்கறிஞரையும் கொடுங்கள்
படிப்பை விட்டுத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு நிதி கொடுத்தாலே போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. 2014-ல், படிப்பை விட்டுச் சொந்த முயற்சியில் இறங்கும் இளைஞர்களுக்குப் பணம் தரும் தீல் ஃபெலோஷிப், விட்டாலிக் புட்டரினுக்கு 1 லட்சம் டாலர் தந்ததால் அவர் தன் பிளாக்செயின் (கிரிப்டோ பணத்துக்கு அடிப்படையான தொழில்நுட்பம்) திட்டமான எத்தீரியத்தில் முழுநேரமாக இறங்க முடிந்தது, உண்மைதான். ஆனால் நண்பர்கள் சேர்ந்து தொடங்குகிற இடத்தில் சிக்கல் பங்கு பிரிப்பதில் வருகிறது. முதல் நாளே பாதிக்குப் பாதி எழுதிவிடுகிறார்கள். ஆறாம் மாதம் ஒருவர் கல்லூரிக்கே திரும்பிப் போனாலும் 50 சதவீதம் அவர் பெயரில்தான் நிற்கும். அதைப் பார்த்ததும் முதலீட்டாளர் தயங்குவார். நான்கு ஆண்டு வெஸ்டிங் (பங்கு ஒரேயடியாக இல்லாமல், வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது), முதல் ஆண்டு முடியும்வரை ஒரு பங்கும் கிடையாது என்ற ஷரத்து கட்டாயம் வேண்டும்; இதை எழுதத்தான் வழக்கறிஞர். எழுதிய கோட் (மென்பொருள் நிரல்) நிறுவனத்துக்கே சொந்தம் என்ற கையெழுத்தையும் அன்றே வாங்குங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் அந்தக் கையெழுத்து பல நாடுகளில் செல்லாமல் போகலாம், அதையும் முன்கூட்டியே கவனியுங்கள்.