பிடுங்குவது மட்டும்தான் ஏழைக்கான பல் சிகிச்சையா?

கிராமத்தில் பல்வலி வந்தால் முதலில் கிராம்பு, அடுத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. கன்னம் வீங்கிய பிறகுதான் டவுனுக்குப் பயணம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவர், வேர் சிகிச்சைக்கும் அதன்மேல் போடும் உறைக்கும் ஆகும் தொகையைக் கேட்டதும், "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்றுதான் சொல்ல முடிகிறது. சிறு குழியாக இருந்தபோதே அடைத்திருந்தால் அந்தப் பல் பிழைத்திருக்கும்.

இதற்கு வழி எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் என் ஆதங்கம். மின்சாரமும் பல் மருத்துவ நாற்காலியும் இல்லாத இடங்களுக்காக, 1980களின் நடுவில் தான்சானியாவில் ஏ.ஆர்.டி. என்ற, அதிகம் நோகாமல் பல்லை அடைக்கும் முறை உருவானது. நோயாளியை ஒரு மேசையில் படுக்கவைத்து, பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, சிறு கரண்டி போன்ற கைக்கருவியால் சொத்தையின் மெத்தென்ற பகுதியைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு பொடியும் திரவமும் சேர்த்துக் குழைத்த கிளாஸ் அயனோமர் சிமென்டைக் குழியில் நிரப்பி, வாசலின் தடவிய விரலால் அழுத்தி, ஒரு மணி நேரம் எதையும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். துளையிடும் இயந்திரம் இல்லை. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் தேவையில்லை. குழந்தைகள் அஞ்சி நடுங்குவது இவ்விரண்டுக்கும்தான்.

சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற திரவ மருந்து இதைவிட எளிது. சொத்தையில் தடவினால் அது மேலும் பரவாமல் தடுக்கும். தடவிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதையும் கிளாஸ் அயனோமர் சிமென்டையும் ஃபுளோரைடு பற்பசையையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

ஆண்டுக்கு ஒரு முகாம் நடத்தி, வாயைத் திறந்து பார்த்து, சீட்டு எழுதி நகரத்துக்கு அனுப்புவதைச் சிகிச்சை என்று ஏற்க என்னால் முடியவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர்களே இந்த முறைகளைக் கிராமத்தில் செய்யலாம் என்பது என் வாதம். பல் மருத்துவர் அல்லாதவர் கையில் கருவியைக் கொடுத்தால் தரம் கெடும் என்ற அச்சம் நியாயமானதே. போலி மருத்துவர்களிடம் வாயைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே பல் சுகாதாரப் பணியாளர் (டென்டல் ஹைஜீனிஸ்ட்) என்ற பிரிவை அங்கீகரித்தது. அவர்களுக்கு இவ்விரு முறைகளிலும் முறையான பயிற்சி அளித்து, அரசுப் பல் மருத்துவரின் மேற்பார்வையில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊராட்சித் தொடக்கப் பள்ளிகளிலும் பணியமர்த்தலாம். வேர் வரை போன சொத்தையையும் வாயில் ஆறாத புண்ணையும் அவர்கள் உடனே மருத்துவருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் இந்தச் சிகிச்சைகளைச் செய்யச் சட்டவிதிகளில் என்ன திருத்தம் வேண்டுமோ, அதை அரசு முதலில் செய்யட்டும்.